தாயாகும் முன் இருந்த தாய்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தாயின் பெருமையைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அப்பெருமையை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். பத்துத் திங்கள் சுமந்ததும், கண் துயிலாது காத்ததும், தாம் உண்ணாது நமக்கு ஊட்டியதும் மேடைதோறும் பேசப்பட்டவை. அவற்றையே மீண்டும் கூறி உங்கள் பொழுதைப் போக்குதல் எம் கருத்தன்று. நம்மைப் பெறுவதற்கு முன் நம் தாயார் எத்தகையவராய் இருந்தார் என்னும் ஒன்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வினா புதிது போலத் தோன்றும். ஆயின் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. உலா நூல்கள் பெண்டிரின் வாழ்வைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவமாக வகுத்தன. அவ்வேழனுள் ஒன்றேனும் பிள்ளைப்பேற்றைக் கொண்டு பெயர் பெறவில்லை. மேலும், உலகனைத்தையும் ஈன்ற அன்னையென நாம் வழிபடும் மீனாட்சியம்மையைக் குமரகுருபர அடிகள் குழந்தையாக வைத்துப் பிள்ளைத்தமிழ் பாடினார். அன்னை அம்மானை ஆடினாள், புதுநீர் ஆடினாள், ஊசல் ஆடினாள் என்று கண்டு மகிழ்ந்தனர் நம் முன்னோர். உலகன்னைக்கு அளித்த இச்சிறப்பை இல்லத்து அன்னைக்கு நாம் அளித்தோமா?

யாம் ஆசிரியத் தொழில் புரிபவர் ஆதலின், மாணாக்கரைத் தம் தாயாரைப் பற்றிக் கட்டுரை வரையுமாறு பன்முறை பணித்துள்ளோம். 'சோறு சமைப்பார், சீருடை துவைப்பார், நோயுற்றால் அருகிருப்பார்' என்றே எழுதுவர். தாயார் எவ்வூர்ப் பள்ளியிற் பயின்றார், எதனை விரும்பினார், எதனைப் பாதியில் விட்டார் என்று எழுதினார் ஒருவரும் இலர். இது சிறுவர் பிழையன்று. பெரியோராகிய நாம் அவர்க்குச் சொல்லாத குறை.

இனி, நம் புதுக்கோட்டை மண்ணிலே பிறந்த ஒரு தாயை நோக்குவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1886ஆம் ஆண்டு இங்குப் பிறந்தார். பூப்பெய்தியபின் பெண்கள் பள்ளி செல்லாத காலம் அது. அவர் வீட்டிலிருந்தே பயின்று தேறினார். மகளுக்கு மணம் முடிக்கவே தாயார் சந்திரம்மாள் விரும்பினார். மகளோ கல்வியையே விரும்பினார். மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதோ எனப் பழைமை பேசுவோர் தடுத்தனர். தொண்டைமான் மன்னர் இசைவு அளித்தமையின் அவர் அக்கல்லூரியிற் புகுந்து, ஆடவர் காணாவண்ணம் திரைக்குள் அமர்ந்து பாடம் கேட்டார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபொழுதும், தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும் என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே இசைந்தார்.

இவையாவும் அவர் தாயாவதற்கு முன் நிகழ்ந்தவை. பின்னர் இரு புதல்வரைப் பெற்றார். 1954இல் அவர் முயற்சியால் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் மருத்துவ நிலையத்தில் புதல்வருள் ஒருவராகிய டாக்டர் கிருஷ்ணமூர்த்தி நெடுங்காலம் தொண்டாற்றினார். மைந்தரால் தாய்க்குப் புகழ் வந்தது உண்மை. ஆயின் அத்தாயின் உறுதி மைந்தரால் வந்ததன்று. திரைக்குள் அமர்ந்து கற்ற அக்கன்னிப் பருவத்திலேயே வேரூன்றியது.

'அவர் அரும்பெரும் மாது. எம் இல்லத்தாள் எளியவள்' என்பீராயின், அண்மைக்காலத்தை நினைமின். 1991ஆம் ஆண்டை ஒட்டி அறிவொளி இயக்கம் நம் மாவட்டத்தில் நடந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஊக்கமளிக்க, ஆயிரமாயிரம் சிற்றூர்ப் பெண்டிர் எழுத்தோடு மிதிவண்டியும் பழகினர். ஏளனத்தைப் பொருட்படுத்தாது விழுந்து எழுந்து பழகிய அக்கன்னியர் பலர் இன்று தாயரும் பாட்டியரும் ஆயினர். மகனுடைய வண்டியின் பின்னே ஒடுங்கி அமர்ந்து வரும் அம்மூதாட்டி, ஒருகாலத்தில் ஊர் நகைக்கத் தனியே வண்டி செலுத்தியவராக இருக்கலாம். அம்மகன் அதனை அறிவானா?

இங்ஙனம் கூறுவது தாய்மையைக் குறைப்பதாகாதோ எனச் சிலர் வினவலாம். ஆகாது. இவர் எவற்றை விடுத்து நம்மை வளர்த்தார் என்று அறிந்தாலன்றி, அவர் அளித்ததன் அளவு நமக்கு விளங்குமோ?

நிற்க. நம் சங்க ஏட்டில் வரும் இரங்கற் குறிப்புகளை நோக்குமின். ஆடவர் மறைந்தால் கற்ற கல்வியும் செய்த தொழிலும் கூறுகின்றோம். பெண்டிர் மறைந்தாலோ, 'இன்னாரின் மனைவியார், இன்னாரின் தாயார்' என்பதோடு முடிக்கின்றோம். ஓரம்மையாரின் எண்பதாண்டு வாழ்வு பிறர் பெயர்களால் நிரம்பித் தம் பெயரின்றி முடிதல் தகுமா? இனிப் பிறந்த ஊர், பெற்றோர், கல்வி, கைத்திறன் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுமாறு நிர்வாகிகளை வேண்டுகின்றோம். மறைந்தபின் தேடுவதினும் இருக்கும்பொழுதே கேட்டு எழுதுதல் நன்று.

மற்றொன்று. இன்று நம் இல்லங்களில் வளரும் பெண்மக்கள், நாளைய தாயர்க்குரிய அம்முற்பருவத்தில் இப்பொழுதே வாழ்கின்றனர். பதினெட்டு நிரம்பாமுன் மணம் செய்தல் சட்டத்திற்கு மாறு என்பது மட்டுமன்று. ஓர் உயிரின் தனி வாழ்வையே பறிப்பதாகும். நல்ல சம்பந்தம் வந்தது என்று கல்வியைப் பாதியில் நிறுத்தாதீர்.

இளைஞர்களே, இன்றிரவு இல்லம் சென்றதும், 'நான் பிறப்பதற்கு முன் உங்களுக்கு எது பிடிக்கும், அம்மா?' என்று கேளுங்கள். அவர் முதலில் நகைத்து, 'அது எதற்கு இப்போது?' என்பார். சற்றுப் பொறுத்திருங்கள், பின் சொல்வார்.