வாயில்லா நோயாளி



மருத்துவம் என்றவுடன் மருத்துவரும் மருந்துமே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் திருவள்ளுவர், 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்திருக்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து பணிவிடை புரிபவன் என்பன அந்நான்கு. பல்லாண்டுகள் வகுப்பறையில் இக்குறளுக்குப் பொருள் சொல்லி வந்தவன் நான். எனினும், நான்காம் கூற்றின் பெருமையை எனக்கு உணர்த்தியது, நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஒரு சின்னஞ்சிறு பிராணிதான்.

ஓசூரில் எங்கள் இல்லத்தில், ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி ஒரு கினிப்பன்றியை வளர்த்து வருகிறாள். பெயரில் பன்றி இருப்பினும் அது பன்றியன்று. எலி, அணில் போன்ற கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. கினி நாட்டிலிருந்து வந்ததும் அன்று. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. மனித குலம் இப்பிராணிக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறது. 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை உலகிற்கு அறிவித்தபோது, அதற்குச் சான்றாய் அமைந்த சோதனைகளில் கினிப்பன்றிகள் இடம்பெற்றன. 1907-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர்கள் ஹோல்ஸ்ட், ஃபிராலிக் ஆகிய இருவரும் ஸ்கர்வி நோயை ஆராய்ந்ததும் இதனைக் கொண்டே. நம்மைப் போலவே இதன் உடலும் வைட்டமின் 'சி'யைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது என்பதே அதற்குக் காரணம்.

ஒரு மாலைப்பொழுதில் பேத்தி என்னிடம் ஓடி வந்தாள். "தாத்தா, இதன் தாடைக்குக் கீழே ஏதோ உருண்டையாக இருக்கிறது, பாருங்கள்" என்றாள். தொட்டுப் பார்த்தேன். கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி விரலுக்குத் தட்டுப்பட்டது. "கொழுப்பாக இருக்கும்; தானே கரைந்துவிடும்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன். பத்து நாட்களில் அது நெல்லிக்காய் அளவு பெருத்தது. தீனியும் பாதியாகக் குறைந்தது.

அப்பொழுது ஒரு யோசனை தோன்றியது. பல்வலிக்காக எனக்குக் கொடுத்த அமாக்சிசிலின் மாத்திரைகளில் சில அலமாரியில் மீந்திருந்தன. மனிதனுக்கு இவ்வளவு எனில், ஒரு கிலோவிற்கும் குறைந்த எடையுள்ள பிராணிக்கு எவ்வளவு என்று காகிதத்தில் கணக்கும் போட்டுவிட்டேன். பேத்தி என் கையைப் பற்றிக்கொண்டாள். "டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம், தாத்தா" என்றாள். எத்தனையோ மாணவர்களுக்கு ஆணையிட்ட நான், அன்று அக்குழந்தையின் சொல்லுக்குப் பணிந்தேன்.

கால்நடைக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள தொடர்பு பழமையானது. மத்திகிரியில் உள்ள கால்நடைப் பண்ணை, படைக்குக் குதிரைகளை வளர்ப்பதற்காக 1824-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று தொழிற்சாலைகள் பெருகிவிட்ட போதிலும், சுற்றுவட்டாரத்தில் பசுவும் ஆடும் இல்லாத சிற்றூர் இல்லை. மறுநாள் காலை கால்நடை மருத்துவரிடம் சென்றோம். பசுக்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவே கூடையுடன் நின்ற எங்களைக் கண்டு சிலர் நகைத்தனர். மருத்துவர் நகைக்கவில்லை. "வீட்டில் ஏதேனும் மருந்து கொடுத்தீர்களா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. நான் கொடுக்க எண்ணிய மாத்திரையின் பெயரைச் சொன்னேன். "நல்ல வேளை! கொடுத்திருந்தால் இதனை இழந்திருக்கக் கூடும், ஐயா" என்றார்.

காரணத்தை அவரே விளக்கினார். கினிப்பன்றியின் குடலில் செரிமானத்திற்குத் துணைசெய்யும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பெனிசிலின் வகை மருந்து வாய்வழியே சென்றால் அவை அழிகின்றன. அவை இருந்த இடத்தில் தீய கிருமிகள் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. சில நாட்களில் பிராணி மடிகிறது. 1940-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் பெனிசிலினை முதன்முதலில் எட்டுச் சுண்டெலிகளின்மீது சோதித்தனர். மருந்து பெற்ற நான்கும் பிழைத்தன. பெறாத நான்கும் மாண்டன. அன்று சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றியைத் தேர்ந்திருப்பின், அம்மருந்தையே ஒதுக்கியிருப்பார்களோ என்னவோ! ஓர் உயிருக்கு அமுதமாவது மற்றோர் உயிருக்கு நஞ்சாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இத்துணைச் சிறிய உடலுக்கு மயக்க மருந்து கொடுத்து அறுப்பதற்குத் தனி வசதி தேவை என்று கூறி, அவர் எங்களைப் பெங்களூருக்கு அனுப்பினார். அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து, 1958-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சென்றோம். அங்கிருந்த அம்மையார் கன்னடத்தில் கேட்டார். நாங்கள் தமிழில் விடையளித்தோம். எல்லைப்புறத்தில் வாழ்வோர்க்கு அது ஒரு தடையன்று. கட்டி எப்பொழுது தோன்றியது, எவ்வளவு வளர்ந்தது, எடை குறைந்ததா, என்ன தீனி என்று அடுக்கடுக்காய் வினவினார். "சில நாட்களாக..." என்று நான் தடுமாறினேன். பேத்தியோ பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து நீட்டினாள். வாரந்தோறும் சமையலறைத் தராசில் எடை பார்த்து, தேதியுடன் எழுதி வைத்திருந்தாள். 840 கிராம், 825, 790 என்று எண்கள் இறங்கியிருந்தன. "நோயாளி சொல்ல வேண்டியதையெல்லாம் இக்குழந்தை சொல்லிவிட்டாள்" என்றார் அம்மையார்.

ஊசியால் குத்திப் பார்த்ததில், உள்ளே கெட்டியான சீழ் இருப்பது தெரிந்தது. கட்டியைத் திறந்து, கழுவித் துப்புரவு செய்து, இவ்வினத்திற்குத் தீங்கு செய்யாத மருந்தைக் கொடுத்தார்கள். முரடான தாள் வாயின் உட்புறத்தைக் கீறினால், அவ்வழியே கிருமி புகுந்து கழுத்தின் நிணநீர்க் கணுக்களில் இவ்வாறு சீழ் கட்டுவது உண்டாம். காய்ந்த கேழ்வரகுத் தாளை அப்படியே கூண்டில் போட்டு வந்தவன் நானே என்பதை ஒப்புக்கொண்டேன். இப்பொழுது மென்மையான புல்லும் கொய்யாத் துண்டும் கொடுக்கிறோம். புண் ஆறிவிட்டது, எடையும் மீண்டுவிட்டது.

நண்பர்களே, பிற விலங்குகளுக்கு இரையாகும் சிற்றுயிர்கள் தம் நோயை மறைத்துக்கொள்ளும் இயல்புடையவை. தளர்ந்து நிற்பதைக் காட்டினால் பகை முதலில் தம்மையே நாடும் என்பதால் அமைந்த இயல்பு இது. ஆகவே, அவை படுத்துவிட்ட பிறகு பார்ப்பது காலங் கடந்து பார்ப்பதாகும். நாயோ பூனையோ ஆடோ, நீங்கள் எதனை வளர்த்தாலும், வாரம் ஒரு முறை அதன் உடலைக் கையால் தடவிப் பாருங்கள். எடையைக் குறித்து வையுங்கள். புதிதாக ஒரு கட்டி தென்பட்டால், நாளை பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். உங்கள் வீட்டு மருந்தை அதற்குக் கொடாதீர்கள்.

தன் நோயைத் தானே சொல்லக்கூடிய மனிதனுக்கு அருகிலிருப்பவன் துணைவன். வாயில்லா நோயாளிக்கோ அவனே நாவும் ஆகிறான். பாடம் சொல்லிக் கொடுத்த நான் அதை மறந்தேன். பாடம் படிக்கும் என் பேத்தி நினைவில் வைத்திருந்தாள்.