சர்வாதிகாரம் வளர்ந்த விதம்: ஜெர்மனி தரும் பாடம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மேடையில் சர்வாதிகாரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளிக் கதவு எவருக்குத் திறக்கப்படுகிறது, எவருக்கு அடைக்கப்படுகிறது என்பதைக் கொண்டே ஓர் ஆட்சியின் தன்மையை அறிந்துவிடலாம் என்பது நமது கருத்து. அதற்கு ஜெர்மனியின் வரலாறு தக்க சான்றாகும்.

ஜெர்மனி கல்வியில் பின்தங்கிய நாடன்று. பெரும் பல்கலைக்கழகங்களும், விஞ்ஞானிகளும், தத்துவ ஞானிகளும் நிறைந்திருந்த நாடு. 1919-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் இருபாலார்க்கும் வாக்குரிமையை உறுதி செய்திருந்தது. அந்நாட்டில் ஹிட்லரின் நாஜிக் கட்சி 1928-ஆம் ஆண்டுத் தேர்தலில் பெற்றது 2.6 சதவிகித வாக்குகளே. அடுத்த ஆண்டு உலகப் பொருளாதார நெருக்கடி மூண்டது. ஆலைகள் மூடப்பட்டன. 1932-இல் வேலையற்றோர் தொகை ஏறத்தாழ 60 இலட்சத்தை எட்டியது. பசித்தவன் தன் துன்பத்திற்குக் காரணம் தேடுவது இயல்பு. போரில் அடைந்த தோல்விக்கும் வறுமைக்கும் யூதர்களும் பொதுவுடைமையாளர்களுமே காரணம் என்று ஹிட்லர் முழங்கினார். மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத யூதர்கள்மீது நாட்டின் துன்பமனைத்தும் சுமத்தப்பட்டது. 1932 ஜூலைத் தேர்தலில் அக்கட்சி 37.3 சதவிகிதம் பெற்றது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் நாஜிக் கட்சிக்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைக்கவில்லை. 1932 நவம்பரில் அதன் வாக்கு 33.1 சதவிகிதமாகக் குறையவும் செய்தது. ஹிட்லரைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கிட்ட பழமைவாதத் தலைவர்களே, 1933 ஜனவரி 30 அன்று அவரை ஆட்சித் தலைமையில் அமர்த்தினர். ஒன்றுபட்டு எதிர்த்திருக்க வேண்டிய சமூக ஜனநாயகக் கட்சியும் பொதுவுடைமைக் கட்சியும் ஒன்றையொன்று பகைத்து நின்றன.

பின்னர் நடந்தவை மிக விரைவானவை. பிப்ரவரி 27 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. அதனையே காரணம் காட்டி, மறுநாள் பேச்சுரிமையும் பத்திரிகை உரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் நிறுத்தப்பட்டன. மார்ச் 23 அன்று, நாடாளுமன்றத்தைக் கேளாமலே சட்டமியற்றும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கும் மசோதா, 444 வாக்குகளுக்கு 94 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே. பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்கள் அவைக்குள் வர முடியாதபடி முன்பே ஒடுக்கப்பட்டுவிட்டனர். மே 2 அன்று தொழிற்சங்கங்கள் கைப்பற்றப்பட்டன. ஜூலை 14 அன்று நாஜிக் கட்சி தவிர வேறு கட்சியே கூடாதென்று சட்டம் வந்தது. ஆறு திங்கள் நிறைவதற்குள் ஒரு குடியரசு மறைந்தது. இவற்றுள் பெரும்பாலானவை சட்டம் என்னும் பெயராலேயே நடந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

இனிப் பள்ளிக்கு வருவோம். 1933 ஏப்ரல் 7-ஆம் நாள் சட்டத்தால் யூத ஆசிரியர்கள் பலர் வேலையிழந்தனர். ஏப்ரல் 25 அன்று, பள்ளிகளில் 'நெரிசலைத் தவிர்ப்பது' என்ற பெயரில், உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் புதிதாகச் சேரும் யூத மாணவர் 1.5 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது என்று வரம்பு கட்டினர். பல வகுப்பறைகளில் யூதக் குழந்தைகள் தனிப் பலகையில் அமர்த்தப்பட்டனர். தனிப் பலகை என்றால் என்னவென்று இந்த அவையில் எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. நம் பெரியோர்கள் அதில் அமர்ந்தும், அதுவும் கிடைக்காமல் வாசலில் நின்றுமே எழுத்தறிந்தார்கள். 1938 நவம்பரில் யூதக் குழந்தைகள் பொதுப் பள்ளிகளிலிருந்து முற்றிலும் வெளியேற்றப்பட்டனர். 1945-க்குள் அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். தனிப் பலகையில் தொடங்கியது கொலைக்களத்தில் முடிந்தது.

ஆசிரியர்களாகிய நாம் தலைகுனிய வேண்டிய செய்தியும் உண்டு. 1936-ஆம் ஆண்டளவில் ஜெர்மன் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ 97 சதவிகிதத்தினர் நாஜி ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்திருந்தனர். எல்லோரும் கொடியவர்களா? அல்லர். சிலர் நம்பினர், சிலர் அஞ்சினர், சிலர் வெளியேற்றப்பட்டவரின் பதவி தமக்குக் கிட்டுமென்று வாளாவிருந்தனர். விளைவு ஒன்றே. ஊனமுற்றோரைப் பராமரிக்க அரசுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பாடத்திலேயே பிள்ளைகளுக்குக் கேள்வி கொடுத்தனர். மனிதனைச் செலவாக எண்ணப் பழகிய தலைமுறைக்கு அவனை ஒழிப்பது ஒரு சிக்கனமாகத் தோன்றியதில் வியப்பென்ன?

எனவே, படிப்பு மட்டும் ஒரு சமுதாயத்தைக் காத்துவிடாது. சக மனிதனைச் சமமாக மதிக்கக் கற்பிக்காத படிப்பு, கொடுங்கோலனுக்குக் குமாஸ்தாக்களைத்தான் உருவாக்கும். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், அரசியலில் தனிமனித வழிபாடு சர்வாதிகாரத்திற்கே இட்டுச் செல்லும் என்று எச்சரித்தார். சமத்துவமும் சகோதரத்துவமும் இல்லாத இடத்தில் அரசியல் ஜனநாயகம் நிலைக்காது என்றும் அறிவுறுத்தினார். ஜெர்மனியின் கதையை அறிந்தவர்க்கு அவ்வெச்சரிக்கையின் ஆழம் விளங்கும்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் பட்டம் பெற வேண்டும், பதவி பெற வேண்டும்; அதற்காகவே இக்கழகம் பாடுபடுகிறது. ஆயினும், உங்கள் பக்கத்தில் வேறொரு குழந்தைக்குத் தனிப் பலகை போடப்படும் நாளில், அக்குழந்தை எந்த இனத்ததாயினும், எழுந்து நின்று ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை முதல் நாளிலேயே கேட்க வேண்டும். பிந்திக் கேட்பவருக்கு அதைக் கேட்கும் உரிமையே இராது.