சாறாப்பிட்டி என்றொரு குதிரை



இன்றைக்கு நான் கதைக்க வந்தது குதிரைகளைப் பற்றி. புல்லுத் தின்னுகிற குதிரை அல்ல. ஓர் அடி நீளமான பிளாஸ்ரிக் குதிரை. அதற்கு நிறம் பூசி, மணலில் நிறுத்திப் படம் எடுத்து, போட்டிக்கு அனுப்புகிற ஒரு பொம்பிளை பலெர்மோவில் இருக்கிறாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் போர்கோ வெக்கியோவில் என் கீழ்வீட்டு அக்கா சிரித்து முடித்து, இப்போது தூரிகை கழுவித் தருகிற அளவுக்கு வந்துவிட்டா.

இதைத் தொடங்கியது நான் இல்லை. நான் வேலை செய்த வீட்டு நோன்னா ஒரு ஜனவரி 6ஆம் திகதி, பெஃபானா நாளில், என் மகளுக்கு ஒரு மாதிரிக் குதிரையைக் கொடுத்தா. இப்படிப்பட்ட குதிரைகளுக்கு அழகுப் போட்டி நடக்கிறது என்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். ஜேர்மனியில், இங்கிலாந்தில் மண்டபம் எடுத்து மேசைகளில் அடுக்கி வைத்து நடத்துகிறார்கள். அங்கே போக முடியாதவர்கள் மின்னஞ்சலில் படம் அனுப்பிப் பங்குபற்றலாம். இரண்டு வருடம் மகள் அனுப்பினாள். பதினான்கு வயதானதும் அவளுக்கு ஆசை விட்டுப் போய்விட்டது. எனக்கு விட்டுப் போகவில்லை.

இந்தப் பொழுதுபோக்கின் பிறப்பிடம் அமெரிக்கா. 1950இல் சிக்காகோவில் பிரேயர் என்ற பிளாஸ்ரிக் கம்பனிக்கு ஒரு மணிக்கூட்டுக் கம்பனி வேலை கொடுத்தது. மேசை மணிக்கூட்டின் பக்கத்தில் நிற்க ஒரு குதிரை வேண்டும் என்று கேட்டது. சனம் மணிக்கூட்டை விட்டுவிட்டுக் குதிரையைக் கேட்கத் தொடங்கியது. அப்படி வந்ததுதான் இந்தக் குதிரைகள். உண்மையில் ஒன்பது சென்ரிமீற்றர் இருப்பது இதில் ஒரு சென்ரிமீற்றராக வரும். 1990இல் இருந்து கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரன் நகரில் இவற்றுக்கென்றே பிரேயர்ஃபெஸ்ற் என்ற திருவிழா நடக்கிறது. குதிரைத் திருவிழா என்றால் எங்களுக்கு நினைவு வருவது வேட்டைத் திருவிழாவும் குதிரை வாகனமும். எங்கள் ஆசாரிமார் செய்த அந்த வாகனங்களை இந்தப் போட்டியில் வைத்தால் ஒரு பரிசும் கிடைக்காது. இரண்டு முன்கால்களையும் ஒன்றாக மடித்துத் தூக்கி, கண்ணை உருட்டி நிற்கிற குதிரை சாமிக்குச் சரி. நடுவருக்குச் சரிவராது.

நடுவர் பார்ப்பது இதுதான்: படத்தைப் பார்த்தால் உயிருள்ள குதிரை என்று ஒரு கணம் ஏமாற வேண்டும். காது நுனியில் நிறம் தேய்ந்திருந்தால் குறை. அச்சில் இருந்து வந்த கோடு வயிற்றுக்குக் கீழே தெரிந்தால் குறை. குளம்பு தரையில் பதியாமல் அந்தரத்தில் நின்றாலும் குறைதான். மணல்கூட அளவுக்குப் பொருந்த வேண்டும். சாதாரண மணல் இந்தக் குதிரையின் காலடியில் கூழாங்கல் போலத் தெரியும். நான் கட்டட மணலைத் தேத்தண்ணி வடியால் மூன்று தரம் அரித்து எடுக்கிறேன். முதல் வருடம் பல்கனியில் வைத்து எடுத்த படத்தில் குதிரைக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரரின் காற்சட்டை மலை மாதிரித் தொங்கியது. நான் கவனிக்கவில்லை. நடுவர் கவனித்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குதிரை என்ன இனம் என்று சொல்ல வேண்டும். அரபுக் குதிரை என்றால் முகம் உள்வளைந்திருக்க வேண்டும். வால் உயர்ந்திருக்க வேண்டும். அதிகம் அறியப்படாத இனம் என்றால் ஒரு சிறிய அட்டையில் அதன் வரலாற்றை எழுதிச் சேர்க்க வேண்டும். என் கதை தொடங்குகிற இடம் அந்த அட்டைதான்.

நான் நெடுந்தீவில் பிறந்தவள். 1990இல், பதின்மூன்று வயதில் வெளிக்கிட்டேன். எங்கள் தீவில் குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிவதை இதைக் கேட்கிற தீவார் அறிவீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். போர்த்துக்கீசர் கொண்டுவந்து விட்டார்கள், ஒல்லாந்தர் வளர்த்தார்கள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரின் அதிகாரியாக இருந்த லெப்டினன்ற் நோலன் என்பவரும் குதிரை வளர்ப்பை நடத்தினார். அந்தக் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் வெய்யிலில் நிற்கின்றன. ஆட்சிகள் போய்விட்டன. குதிரைகள் நின்றுவிட்டன. குறிகட்டுவானில் இருந்து கடல் கடந்து வருகிற எதுவும் அந்தத் தீவில் திரும்பிப் போவது கஷ்டம் என்று என் அப்பு சொல்லுவார். குமுதினிப் படகில் 1985 மே 15ஆம் திகதி நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள் இரவு மகள் கேட்டாள். "அம்மா, நீங்கள் ஏன் எப்பவும் அரபுக் குதிரையே செய்யிறீங்கள்? உங்கட ஊரில குதிரை நிண்டது எண்டு சொல்லுவீங்களே, அதைச் செய்யலாம்தானே?"

அந்த யோசனை எனக்கு அதுவரை வரவில்லை. என் மேசையில் குதிரை, என் நினைவில் குதிரை, இரண்டுக்கும் நடுவில் முப்பது வருடமாக ஒரு கதவு பூட்டிக் கிடந்திருக்கிறது.

சின்னக் குதிரை ஒன்று வாங்கினேன். பழைய நிறத்தைச் சுரண்டி, சூடான காற்றில் கால்களை மெல்ல இளக்கி வளைத்து, எப்பொக்சிக் களியால் கழுத்தைத் தடிப்பாக்கி, மண்ணிறம் பூசினேன். கால் எப்படி நிற்க வேண்டும் என்று படிக்க எனக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. போர்கோ வெக்கியோவில் வீடுகளின் கீழ்த்தளத்திலேயே குதிரை கட்டுகிற வழக்கம் இருக்கிறது. சந்தைக்குப் போகிற வழியில் ஒரு கதவு திறந்திருந்தால் உள்ளே ஒரு குதிரை சுவரைப் பார்த்தபடி நிற்கும். சில வண்டிக் குதிரைகள். சில எதற்கு என்று நான் கேட்பதில்லை. தெருவில் களவாக ஓடவிடுகிற ஓட்டங்களைப் பற்றி இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் பார்ப்பது காலை மட்டும். களைத்த குதிரை ஒரு பின்காலை நுனிக் குளம்பில் தொட்டுவைத்து, மற்ற மூன்றில் நிற்கும். அப்போது இடுப்பின் ஒரு பக்கம் தாழும். பத்து மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிற எங்கள் பெண்களும் அப்படித்தான் நிற்பார்கள். பஸ் பிந்தினால் நான் பொலிதேயாமா அரங்கின் உச்சியை அண்ணாந்து பார்ப்பேன். அங்கே மாரியோ ருத்தெல்லி செய்த வெண்கலக் குதிரைகள் தேரிழுக்கின்றன. அவையும் படிப்புத்தான், ஆனால் அவை பசி அறியாத குதிரைகள்.

எங்கள் தீவின் வேலிகள் முருகைக்கல் வேலிகள். அதற்கு நான் எங்கே போவது? இங்கே பலெர்மோவின் பழைய கட்டடங்கள் மஞ்சள் நிறமான கடற்கல்லால் கட்டியவை. உற்றுப் பார்த்தால் உள்ளே சிப்பி தெரியும். எங்கள் ஒழுங்கையில் ஒரு சுவரில் இருந்து உதிர்ந்த துண்டுகளைப் பொறுக்கி வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். சாந்து இல்லாமல், ஊரில் அடுக்குவது போலவே. வேலி எழும்பியதும் கொஞ்ச நேரம் நான் படம் எடுக்கவில்லை.

குதிரைக்குப் பெயர் வைக்க வேண்டும். சாறாப்பிட்டி என்று வைத்தேன். எங்கள் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உள்ள இடம் அது.

அனுப்பினேன். இருபத்தொரு குதிரைகள் நின்ற வகுப்பில் கடைசி. நடுவர் கோபமாக எழுதவில்லை, நியாயமாகத்தான் எழுதினார்: வேலைப்பாடு நன்று, ஆனால் இப்படி ஒரு இனம் இருப்பதற்கு ஆதாரம் இல்லை, கற்பனை இனங்களுக்கு வேறு வகுப்பு உண்டு.

கற்பனை இனம். அந்தச் சொல்லை மகள் எனக்கு இத்தாலியனில் மொழிபெயர்த்துச் சொன்னபோது, அகதி மனு விசாரணையில் "இந்த ஊர் வரைபடத்தில் எங்கே?" என்று கேட்ட குரல் எனக்குக் கேட்டது. நடுவரில் பிழை இல்லை. நான்தான் அட்டை எழுதவில்லை. எல்லாருக்கும் தெரிந்த குதிரை என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த முறை அட்டை எழுத இரண்டு வாரம் எடுத்தது. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், நோலன், லாயத்துத் தூண்கள், 2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது, எல்லாம் மகள் ஆங்கிலத்தில் எழுதினாள். சேர்த்து வைக்க அண்மையில் எடுத்த படங்களும் தேடினோம். அங்கேதான் இரண்டாவது சிக்கல் வந்தது. படத்தில் இருந்த குதிரைகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. நான் செய்து வைத்திருந்த குதிரை கொழுத்து, மினுங்கிக்கொண்டு நின்றது.

ஊரில் இருக்கிற அண்ணனுக்கு எடுத்துக் கேட்டேன். "அண்ணை, எங்கட சின்ன வயசில குதிரையள் நல்லாத்தானே நிண்டது?"

"மாரியில நல்லா நிக்கும். கோடையில எப்ப நிண்டது? அப்பு தொட்டியில தண்ணி இறைச்சு ஊத்தினது மறந்துபோனியோ? விடியவெள்ளன நீயும் வாளி தூக்கினனியெல்லோ."

மறந்துதான் போனேன். தண்ணீர் இல்லாத கோடையில் குதிரைகள் விழுந்து சாவது இன்றைக்கும் செய்தியில் வருகிறது. நான் மட்டும் பதின்மூன்று வயதில் மாரியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன்.

நல்ல உடல்நிலையில் இருக்கிற குதிரைக்கே நடுவர்கள் இடம் கொடுப்பார்கள் என்பது இந்தப் போட்டிகளில் எல்லாருக்கும் தெரியும். மகள் சொன்னாள்: "விலா வைச்சா வெல்ல மாட்டீங்கள் அம்மா." என்னவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சேரப்பா, மாரி எண்டு அட்டையில எழுதிவிடுமன்" என்றார். கெட்டிக்காரத்தனமான யோசனைதான். இரண்டு இரவு யோசித்தேன். பிறகு வயிற்றுப் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து இறக்கி, களியை நூல் போல உருட்டி விலாவை எழுப்பினேன். மினுக்கத்தைக் கொன்று, முதுகில் புழுதி நிறம் தடவினேன். அட்டையில் "கோடை" என்று எழுதச் சொன்னேன்.

நான்காம் இடம். பதினெட்டுக் குதிரைகளில். ரிபன் முதல் மூன்றுக்குத்தான். நடுவர் எழுதியது இரண்டு வரி: இனத்தை ஏற்றுக்கொள்கிறேன், உடல் மெலிவு இல்லாவிட்டால் இன்னும் மேலே வந்திருக்கும். முதல் பாதியை நான் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பிற்பாதியை மகள் மடித்து உள்ளே விட்டுவிட்டாள்.

இப்போது ஒரு குட்டி செய்துகொண்டிருக்கிறேன். தாயின் பக்கத்தில் நிற்க, தண்ணீர்த் தொட்டி ஒன்றும் வேண்டும். இதில் எனக்கு உங்கள் உதவி தேவை. என் கையில் இருப்பவை எல்லாம் இந்தக் காலத்துப் படங்கள். 1990க்கு முந்திய நெடுந்தீவுப் படம் யாரிடமாவது இருக்கிறதா? கல்யாணப் படம், முதல் நன்மைப் படம், பள்ளிக்கூடப் படம், எதுவானாலும் சரி, பின்னால் எங்காவது ஒரு குதிரை நின்றால் போதும். எங்களில் கனபேர் அல்பத்தை விட்டுவிட்டுத்தான் வந்தோம், எனக்குத் தெரியும். யாராவது ஒருவர் துணிப் பையின் அடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். குட்டிகளுக்குப் பிறக்கும்போது என்ன நிறம், கால் மயிர் வெளிறி இருந்ததா, அண்ணன் ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன். படத்தை வானொலி நிலையத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவேன்.