நோட்டுல எழுதாத மொய்

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். போன வாரம் தஞ்சாவூர்ல ஒரு சின்னக் கூட்டத்துல பேசினதை இங்கே கொஞ்சம் திருத்திப் போடுறேன். விஷயம் இதுதான்: எங்கேயோ ஒரு பேரிடர் வருது. நாலு பேர் சேர்ந்து ஒரு சாயங்காலம் நிகழ்ச்சி வைக்கிறோம், பணம் சேர்க்கிறோம், அனுப்புறோம். சரி, அதுக்கப்புறம்?

முதல்ல நிகழ்ச்சியைப் பத்தி. "பெச்சா குச்சா"ன்னு ஒண்ணு இருக்கு. 2003-ல டோக்கியோவுல ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைத்தம்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட்டுங்க ஆரம்பிச்சது. ஜப்பான் மொழியில அரட்டைச் சத்தம்னு அர்த்தம். ரூல் ரொம்ப சிம்பிள். 20 ஸ்லைடு, ஒவ்வொண்ணுக்கும் 20 செகண்ட், ஸ்லைடு தானா நகரும். 6 நிமிஷம் 40 செகண்ட்ல பேச்சு முடிஞ்சுடும். 2010 ஜனவரி 12-ல ஹைட்டியில பூகம்பம் வந்தப்போ, பிப்ரவரி 20 அன்னைக்கு உலகத்துல பல நகரங்கள்ல ஒரே நாள்ல இதை நடத்தி, இடிஞ்சதைத் திரும்பக் கட்டறதுக்குப் பணம் சேர்த்தாங்க.

நானும் 2018 டிசம்பர்ல சென்னையில இப்படி ஒண்ணு நடத்தினேன். கஜா புயலுக்காக. அப்போ எனக்கு வேலை கிடைச்சு ஆறு மாசம்.

கஜா நவம்பர் 16 விடியக்காலையில நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தது. எங்க ஊர் பேராவூரணி பக்கம். டெல்டான்னு சொன்னாலே எல்லாரும் நெல்வயலைத்தான் நினைப்பாங்க. எங்க பக்கம் கல்லணைக் கால்வாயோட கடைமடை. "புது ஆறு"ன்னு சொல்லுவோம். தண்ணி வந்தா நெல்லு, வரலைன்னா கடன். அதனால வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா போர் போட்டு, தென்னைக்கு மாறினாங்க. அந்தத் தென்னைதான் ஒரே ராத்திரியில படுத்துடுச்சு.

ஆபீஸ் கேன்டீன்லதான் நிகழ்ச்சி. எட்டுப் பேர் பேசினோம். ஒருத்தர் கோலத்துல இருக்கிற கணக்கைப் பத்தி, ஒருத்தர் பஸ் டிக்கெட் சேர்க்கிறதைப் பத்தி. நான் கடைசி. 20 ஸ்லைடும் விழுந்த மரம். சொல்லவே கூச்சமா இருக்கு, எந்த போட்டோவுக்கு யார் கண்ணு கலங்கும்னு யோசிச்சு அடுக்கியிருந்தேன். நல்லாவே பணம் வந்தது. அத்தனைக்கும் தென்னங்கன்னு வாங்கி வண்டியில ஏத்தி ஊருக்கு அனுப்பினோம். ரொம்பப் பெருமையா அப்பாவுக்கு போன் பண்ணினேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "கன்னு நல்ல கன்னுதான் தம்பி. எங்கே நடச் சொல்றே?"

தோப்பு முழுக்க விழுந்த மரம். கால் வைக்கக்கூட இடமில்ல. அதை அறுத்து எடுக்கணும்னா மெஷின் வாள் வேணும், ஆள் வேணும், இழுத்துப் போட டிராக்டர் வேணும். எல்லாத் தோப்புலயும் ஒரே நேரத்துல விழுந்திருக்கு, யார் எங்கே கிடைப்பாங்க? அரசாங்கம் ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் அறிவிச்சது. ஆனா மரத்தை அப்படியே மக்க விட்டா காண்டாமிருக வண்டு அதுல முட்டை வைக்கும். அந்த வண்டு வளர்ந்து, தப்பிச்ச மரத்தோட குருத்தையும் புதுக் கன்னையும் குடையும். சரி, கன்னை எப்படியோ நட்டாச்சு, தண்ணி? போர் ஓட கரண்ட் வேணும். புயல்ல உடைஞ்ச மின்கம்பம் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல. எங்க பக்கம் பல ஊருக்குக் கரண்ட் வரவே வாரக்கணக்காச்சு.

இத்தனையும் தாண்டிப் பிழைச்சாலும், நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். நாங்க அனுப்பினதுல பாதிக்கு மேல காஞ்சு போச்சு.

இதுல எனக்கு வலிச்சது எது தெரியுமா? நான் அந்த ஊர்க்காரன். ஒரே ஒரு போன் பண்ணி "இப்போ என்னப்பா வேணும்?"னு கேட்டிருந்தா போதும். கேட்கல. ஸ்லைடு ரெடி பண்ணிட்டு இருந்தேன்.

இப்போ எங்க ஊர் விஷயம் ஒண்ணு. பேராவூரணி பக்கமும், புதுக்கோட்டை மாவட்டத்துல கீரமங்கலம், வடகாடு பக்கமும் ஆடி, ஆவணியில மொய் விருந்து நடக்கும். பணம் தேவைப்படுறவர் பத்திரிகை அடிச்சு ஊரைக் கூப்பிடுவார். கறிச்சோறு போடுவார். செலவு கட்டுப்படியாக, பல பேர் சேர்ந்து ஒரே பந்தல்ல வைப்பாங்க. சாப்பிட்டுட்டு மொய் எழுதுவோம். ஒவ்வொரு ரூபாயும் நோட்டுல ஏறும். அது தானம் கிடையாது. எழுதினவர் அடுத்து விருந்து வைக்கும்போது வாங்கினதைத் திருப்பிச் செய்யணும், மேல கொஞ்சம் புதுசாவும் போடணும். வட்டி இல்ல, பத்திரம் இல்ல. இந்தப் பணத்துல போர் போட்டவங்க, கடை வெச்சவங்க, பிள்ளைகளைப் படிக்க வெச்சவங்க எத்தனையோ பேர்.

அதுக்காக எல்லாமே அழகுன்னு சொல்ல மாட்டேன். திருப்பிச் செய்ய முடியாம அவமானப்பட்டவங்க இருக்காங்க. கஜாவுக்கு அப்புறம் பல வீட்ல மொய் நோட்டைத் திறக்கவே பயந்தாங்க. ஆனா அந்த நோட்டுல ஒரு விஷயம் இருக்கு, எங்க கேன்டீன் நிகழ்ச்சியில அது இல்ல. மொய் எழுதினா உறவு அன்னைக்கு முடியாது. அடுத்த தேதி ஒண்ணு இருக்கும்.

யோசிச்சுப் பார்த்தா, நான் ஏற்கெனவே ஒரு மொய் வாங்கியிருக்கேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில ஹாஸ்டல்ல மாட்டிக்கிட்டிருந்தேன். மூணு நாள் கரண்ட் இல்ல. டெல்டா பக்கத்துல இருந்து வந்த ஒரு வேன்ல புளிச்சோறு பொட்டலம் குடுத்தாங்க. யார் குடுத்தாங்கன்னு தெரியாது. எந்த நோட்டுலயும் எழுதல. மூணே வருஷத்துல அந்தப் பக்கமே விழுந்து கிடந்தது. சென்னைக்கு ஓடி வந்த அளவுக்கு எங்களுக்கு யாரும் வரலன்னு ஊர்ல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதுல நியாயம் இருக்கு.

2024 ஜூலை 30-ல வயநாட்டுல நிலச்சரிவு. முண்டக்கை, சூரல்மலைன்னு ஊரே போச்சு. திண்டுக்கல்ல ஒரு ஓட்டல்காரர் வயநாட்டுக்காக மொய் விருந்தே வெச்சார். அந்தச் செய்தியைப் படிச்சதும் எங்களுக்கும் ஒண்ணு தோணுச்சு. தஞ்சாவூர் நண்பர்கள் சேர்ந்து ஆவணியில ஒரு சாயங்காலம், ஆறு பேச்சு, அதே 6 நிமிஷம் 40 செகண்ட். ஆனா ரெண்டு மாத்தம். ஒண்ணு, யாரும் இடிபாட்டு போட்டோ போடக் கூடாது. ரெண்டு, வாசல்ல மேஜை போட்டு ஒரு மொய் நோட்டு. பேர், ஊர், இன்னைக்குக் குடுக்கிறது எவ்வளவு, அடுத்த ஆவணியில எவ்வளவு. அன்னைக்கு வந்த பணம் கேரள முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் போச்சு. நோட்டு என்கிட்ட இருந்துச்சு.

போன வாரம் அதே இடத்துல அந்த நோட்டைத் திறந்தோம். மொத்தம் 41 பேர் எழுதியிருந்தாங்க. 23 பேர் சொன்னதைக் குடுத்தாங்க. மூணு பேர் சொன்னதுக்கு மேலயே குடுத்தாங்க. ஒருத்தருக்கு வேலை போயிடுச்சு. ஆனா நேர்ல வந்து, "என் பேரை அடிச்சுடாதீங்க தம்பி, அடுத்த வருஷம் செய்றேன்"னுட்டுப் போனார். மிச்சப் பேர் போனே எடுக்கல.

41-க்கு 23. இதைத் தோல்வின்னு சிலர் சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணல. நியூஸ்ல இருந்து வயநாடு போய் ரொம்ப நாளாச்சு. இருந்தும் 23 பேர் வந்திருக்காங்க. 2018-ல நான் நடத்தினதுல ரெண்டாவது வருஷம் வந்தது எத்தனை பேர்? பூஜ்யம். ஏன்னா நான் யாரையும் கூப்பிடவே இல்ல.

இந்தத் தடவை பணத்தை அனுப்புறதுக்கு முன்னாடி, அங்கே இருக்கிறவங்ககிட்ட ஒரு போன் பண்ணி, இப்போ என்ன வேணும்னு கேட்கப் போறோம். எங்க அப்பா சொல்லித்தான் செய்றேன்.

நீங்க யார்கிட்ட வாங்கின மொய் இன்னும் திருப்பாம இருக்கு? வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன். வரட்டா.