பராமரிப்பும் பாதுகாப்பும்: அந்தமான் தரும் அனுபவம்
(கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

1998 மே மாதம் பொக்ரானில் அணு வெடிப்புச் சோதனைகள் நிகழ்ந்தன. மறு ஆண்டே கார்கில் போர் மூண்டது. போரின் படிப்பினைகளை ஆராய்ந்த குழுவுக்குத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமை வகித்தார். அதனைத் தொடர்ந்து பாதுகாப்புத் துறையில் மேற்கொள்ளப்பட்ட சீரமைப்பில் முப்படைகளுக்கும் பொதுவான இரு அமைப்புகள் உருவாயின. 2001 அக்டோபரில் அந்தமான் நிக்கோபார் கட்டளையகம் போர்ட் பிளேரில் நிறுவப்பட்டது. அந்நகரின் பெயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். 2003 ஜனவரியில் அணு ஆயுத ஏவு சாதனங்களுக்குப் பொறுப்பான வியூகப் படைக் கட்டளையகம் அறிவிக்கப்பட்டது.

இவ்விரண்டில் பின்னதன் பணி விந்தையானது. அணு ஆயுதத்தைப் பயன்படுத்த ஆணையிடும் அதிகாரம் பிரதமர் தலைமையிலான அரசியல் மன்றத்திற்கே உண்டு. அவ்வாயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்பது இந்தியாவின் அறிவிக்கப்பட்ட கொள்கை. எனவே ஏவுகணைகள் பயன்படாமலே ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டும். ஆயினும் எந்நாளும் பழுதின்றி இருக்க வேண்டும். பயன்பாடே இல்லாத ஒரு கருவிக்குப் பராமரிப்புதான் முழு வாழ்வும் ஆகிறது. ஒடிசாக் கடற்கரையில் இக்கட்டளையகம் அவ்வப்போது நடத்தும் பயிற்சி ஏவல்கள், பார்க்கப்போனால், பராமரிப்புக்கு வைக்கப்படும் தேர்வுகளே.

அந்தமானில் இதே வினா வேறு வடிவில் எழுகிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர் தொலைவு. தெற்கு முனையான இந்திரா முனையோ சுமத்ராவுக்கு அருகில் உள்ளது. உப்புக் காற்றும் ஆண்டில் பெரும்பகுதி பெய்யும் மழையும் இரும்பைத் தின்கின்றன. ஒரு சிறு உதிரிப்பாகம் தேவைப்பட்டாலும் அது கப்பலிலோ விமானத்திலோ வந்தாக வேண்டும். பழுதுற்ற போர்க்கப்பல் ஒவ்வொன்றும் விசாகப்பட்டினம் சென்று திரும்புமாயின், அந்நாட்களில் தீவுகளின் காவல் குறைகிறது. இதனாலேயே ஜப்பானில் கட்டப்பட்ட மிதக்கும் கப்பல் துறை 1987இல் இங்கு சேர்க்கப்பட்டது. நீரில் தாழ்ந்து, கப்பலை உள்வாங்கி, பின் அதனை உயர்த்திப் பழுது பார்க்க உதவும் அமைப்பு இது. இரண்டாவது துறை சென்னையை அடுத்த காட்டுப்பள்ளியில் கட்டப்பட்டு 2017இல் நீரில் இறக்கப்பட்டது. இறக்குமதி செய்த சாதனத்தை உள்நாட்டிலேயே செய்ய முப்பது ஆண்டுகள் பிடித்தன என்பதும் கருதத்தக்கது.

இயற்கையும் தன் பங்குக்குக் கணக்கை மாற்றுகிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தைச் சிதைத்தது. படையினரும் குடும்பத்தினருமாக நூறு பேருக்கு மேல் மாண்டனர்.

நிதி ஒதுக்கீட்டில் பராமரிப்புக்கு என்றுமே குறைந்த மதிப்புத்தான். புதிய கப்பல் மூலதனக் கணக்கில் ஏறிச் செய்தியாகிறது. அதன் சாயமும் உதிரிப்பாகமும் வருவாய்க் கணக்கில் அடங்கிவிடுகின்றன. சிக்கனம் வரும்போது கத்தரி முதலில் விழுவதும் அங்கேதான். ஐந்தாண்டுத் திட்டக் காலம் முழுவதும், பாதுகாப்புத் துறையில் மட்டுமன்றிப் பாசனக் கால்வாயிலும் பள்ளிக் கூரையிலும் இதே நிலையைக் காணலாம். திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பாகுபாடு 2017-18 வரவு செலவுத் திட்டத்தோடு நீங்கியது. மனப்பாங்கு அவ்வளவு விரைவில் நீங்கவில்லை.

பணத்தைப் போலவே அதிகாரமும் பராமரிப்புக்கு வேண்டிய பொருள். கூட்டுக் கட்டளையகத்தின் தலைவர் மற்றப் படைகளைச் சேர்ந்தவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க நெடுங்காலம் இயலவில்லை; ஒருவர்மீது நடவடிக்கை எனில் அவரைத் தாய்ப்படைக்கே திருப்பியனுப்ப வேண்டியிருந்தது. தீவிலிருந்து அனுப்புவதென்றால் கால விரயமும் செலவும் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் நிறைவேறிய முப்படைக் கூட்டமைப்புகள் சட்டம் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்து இக்குறையை நீக்கியது. கட்டளையகம் தோன்றி அப்போது இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.