எழுதுகிறவனும் பாட்டாளியே

தோழர்களே!

சினிமாவுக்குக் கதை எழுதுகிறவர்களின் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசுவதென்றால், "எழுதுகிறவனுக்கு என்ன வேலைநிறுத்தம்? அவன் ஆலையில் நூல் நூற்கிறானா?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். இந்தக் கேள்விதான் முதலாளிக்கு வேண்டியது. எழுத்து என்றால் சரஸ்வதி கடாட்சம் என்கிறார்கள். கடாட்சமாக வந்ததற்குக் கூலி எதற்கு என்பதே அதில் மறைந்திருக்கும் சூழ்ச்சி. கடாட்சம் உண்மையானால் இரவெல்லாம் கண்விழிப்பானேன்? எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவானேன்? எழுத்து மனிதனுடைய உழைப்பு. ஆதலால் அதற்குக் கூலியும் உண்டு, கூலிக்குப் பேரமும் உண்டு.

2023-ஆம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி, அமெரிக்காவில் சுமார் 11,500 சினிமா, டெலிவிஷன் எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஜூலையில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். காரணம் என்ன? எழுதிய கதையை டெலிவிஷனில் மறுபடி காட்டினால் எழுத்தாளனுக்கு ஒரு பங்கு உண்டு என்பது அவர்கள் முன்னமே போராடிப் பெற்ற உரிமை. இணையத்தின் வழியாகப் படம் காட்டும் கம்பெனிகள் வந்த பிறகு அந்தப் பங்கு சுருங்கிப் போயிற்று. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கையும் அக்கம்பெனிகள் மூடி வைத்தன. களத்து நெல்லை அளந்து காட்டாத மிராசுதார் நியாயமான பங்கு கொடுப்பானா?

இனி, பெயரைப் பற்றி. டால்டன் டிரம்போ என்ற எழுத்தாளர், பொதுவுடைமைக் கட்சிக்காரரா என்று 1947-ல் சர்க்கார் கமிட்டி கேட்டதற்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறை சென்றார். படக்கம்பெனிகள் அவரைத் தள்ளி வைத்தன. ஆனால் அவர் எழுத்தைச் சில முதலாளிகள் பொய்ப் பெயரில் குறைந்த கூலிக்கு வாங்கிக்கொண்டார்கள். ஆளைத் தீண்டக்கூடாது, அவன் உழைப்பைத் தீண்டலாமாம்! இந்த நியாயம் நமக்குப் புதிதா? 1953-ல் வந்த 'ரோமன் ஹாலிடே' கதைக்கான ஆஸ்கார் பரிசு வேறொருவர் பெயருக்குப் போயிற்று. டிரம்போ 1976-ல் இறந்தார். பரிசு அவர் பெயருக்கு வந்தது 1993-ல்! திவசத்தன்று போடும் பிண்டம் யார் பசியைத் தீர்க்கும்? பெயரைப் பறித்தால் கூலியையும் குறைக்கலாம் என்பதே இதில் நாம் அறிய வேண்டியது.

நிற்க, எழுதும் இயந்திரம் ஒன்றும் வந்திருக்கிறது. நாம் இயந்திரத்துக்கு விரோதிகளல்லர். அவ்வெழுத்தாளர்களும் அதை உடைக்கச் சொல்லவில்லை. மனிதன் பாரத்தைக் குறைக்கவேண்டிய இயந்திரத்தைக் கொண்டு அவன் வயிற்றில் அடிக்காதே என்றுதான் சொன்னார்கள்.

148 நாள் கழித்து, செப்டம்பர் 27-ந் தேதி வேலைநிறுத்தம் முடிந்தது. சம்பளம் உயர்ந்தது. அதிகம் பேர் பார்க்கும் படங்களுக்கு மேல்தொகை, பார்த்த நேரத்தின் கணக்கைச் சங்கத்துக்குக் காட்டுதல் ஆகியவை ஒப்புக்கொள்ளப்பட்டன. இயந்திரத்தின் எழுத்தைக் காட்டி எழுத்தாளனின் பெயரையோ கூலியையோ குறைக்கக்கூடாதென்றும் ஏற்பட்டது. இவற்றை எந்தச் சாமியும் கொடுக்கவில்லை, சங்கம் வாங்கிற்று.

ஆதலால் தோழர்களே, கூலி கேட்பது பேராசையுமல்ல, பெயர் கேட்பது கர்வமுமல்ல. இரண்டும் சுயமரியாதை. அது ஏர் பிடிக்கிறவனுக்கும் பேனா பிடிக்கிறவனுக்கும் ஒன்றே என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.