தாய்வழி நோயும் தாய்மேல் பழியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிறந்த ஊரை விட்டு வந்து இக்காலனியில் வாழும் நம்முள் ஒருவர் வீட்டுக் குழந்தை நோயுற்றால், "இது யார் வழியில் வந்தது?" என்னும் கேள்வி ஊரிலிருந்து தவறாது வந்து சேரும். அதன் சுமை பெரும்பாலும் தாயின் தோள்மீதே ஏற்றப்படும். அச்சுமையை இறக்கி வைத்தல் குறித்தே இன்று பேசக் கருதினோம்.

நம் உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உணவை ஆற்றலாக்கும் அடுப்புகள் அவை. அவற்றுக்கெனத் தனியே 37 மரபணுக்கள் உண்டு. அவை தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருகின்றன. அவற்றில் பழுது நேர்ந்தால், மிகுந்த ஆற்றல் வேண்டும் மூளை, தசை, கண், இதயம் ஆகியவை தளரும்.

ஆயினும், இவ்வுறுப்பின் நோய்கள் அனைத்தும் தாய்வழி வருவன அல்ல. அதனை இயக்கும் மரபணுக்களுள் மிகப் பல உயிரணுவின் உட்கருவில் உள்ளன. அங்குள்ள பழுது, பெரும்பாலும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி நோயாவதில்லை. பெற்றோர் நலமாகவே இருப்பர். ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் நம் வழக்கம், இருவரும் ஒரே பழுதைத் தாங்கியிருக்கும் வாய்ப்பைப் பெருக்குகிறது.

கருவிலேயே இதனை அறியலாமோ? அறியலாம். 11ஆம் வார அளவில் நஞ்சுக்கொடித் திசுவையோ, 15ஆம் வாரத்திற்குப் பின் பனிக்குட நீரையோ சிறிது எடுத்துச் சோதிப்பர். உட்கருப் பழுது இன்னதென்று முன்பே தெரிந்திருப்பின் விடை தெளிவாகக் கிடைக்கும். தாய்வழிப் பழுதில் அத்தகைய தெளிவு எப்போதும் இல்லை. நல்லனவும் பழுதுற்றனவும் கலந்திருத்தலால், ஒரே தாயின் ஒரு பிள்ளை நலமாயிருக்க மற்றொன்று நோயுறலாம். சோதனை தருவது ஓர் அளவே. மிகக் குறைவெனில் ஆறுதல். மிக அதிகமெனில் எச்சரிக்கை. இடைப்பட்டதெனில் மருத்துவராலும் உறுதி கூறல் அரிது.

நம் நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டம், மரபுநோய் அறியும் சோதனைக்கு இடந்தருகிறது. கரு ஆணா பெண்ணா எனக் கூறுவதை விலக்குகிறது.

ஆதலால், நோயுற்ற குழந்தையின் மரபணுப் பழுதை முதலில் அறிந்து குறித்து வைப்போம். அடுத்த கருவுக்கு முன்பே கணவனும் மனைவியும் ஒருங்கே சென்று மரபியல் மருத்துவரைக் காணட்டும். முடிவை அவ்விருவரிடமே விடுவோம். எந்தத் தாயும் இதனைத் தேர்ந்து தன் பிள்ளைக்குக் கொடுத்தாளில்லை. அவளிடம் நாம் கேட்கத்தக்க கேள்வி ஒன்றே: "உனக்கு நாங்கள் என்ன துணை செய்யலாம், அம்மா?"